முதுகில் மேய்ச்சல் நிலம்

பெருவழியில் ஆடு மேய்க்கக் கூடாது என்று பலகை நட்ட அதே வாரத்தில் சேதுராக்குவின் ஆடுகளுடைய முதுகில் புல் முளைத்தது.

எருக்கம்வலசைக்காரர்கள் இதற்காக வேலையை நிறுத்திவிட்டு ஓடி வரவில்லை. தண்ணீர் ஏறாத தொட்டிக்குத் திறப்பு விழாவும், பஸ் வராத நிறுத்தத்துக்குக் கூரையும், பிள்ளைகள் இல்லாத பள்ளிக்குச் சுற்றுச்சுவரும் பார்த்துப் பழகிய ஊர் அது. மண்ணில் முளைக்க வேண்டியது ஆட்டில் முளைத்திருந்தால், மேலிடத்தில் யாரோ விலாசத்தை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஊரை ஒட்டிப் போகும் பெருவழி ராஜாக்கள் காலத்தது. கடற்கரை உப்பளங்களில் மூட்டை ஏற்றிய பொதிமாடுகள் அதன் வழியாக வடக்கே நெல் விளையும் சீமைக்குப் போய், உப்பை இறக்கி நெல்லை ஏற்றித் திரும்பின. மாடுகள் நின்ற பிறகு வண்டிகள் போயின. வண்டிகள் தார்ச்சாலைக்கு மாறிய பிறகு சீமைக்கருவேலம் வந்து வழியை மூடியது. அதற்குப் பிறகும் அந்த முள்ளுக்குள் குனிந்தும் நிமிர்ந்தும் போய் வந்தவர்கள் கீதாரிகள் மட்டும்தான். கீதாரி என்றால் ஆட்டு மந்தைக்குத் தலைமை. தை பிறந்ததும் மந்தையை வடக்கே ஓட்டிப் போய், அறுவடை முடிந்த வயல்களில் ராத்திரிதோறும் ஆடுகளைப் படுக்கப் போட்டு, புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கக் கிடை அமர்த்துவதும், வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் தெற்கே திரும்புவதும் அவர்களுடைய பிழைப்பு. இந்தப் பிழைப்பில் யாரும் எழுதி வைக்காத சட்டங்கள் இரண்டு உண்டு. ஒரே இடத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் கிடை நிற்கக் கூடாது, நின்றால் மண் வெந்துபோகும். ஒரு வயலுக்குக் கீதாரி ஒரு வருஷம் வராமல் போனால் அந்த வயலின் முறை அடுத்த கீதாரிக்குப் போய்விடும், பிறகு தலைகீழாக நின்றாலும் திரும்பாது.

சேதுராக்குவின் முறை சிதம்பர மழவராயர் என்பவரின் வயல்களில் இருந்தது. அவளுடைய மாமனார் வெற்றிலை மாற்றி வாங்கிய முறை. மகன் வழிவிட்டானுக்கு எந்த முடிவும் எடுக்க வராது என்று கண்டுகொண்ட அந்த மாமனார், சாகும்போது ஆட்டுக்கம்பை மருமகள் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். வழிவிட்டான் வருத்தப்படவில்லை. மந்தைக்குப் பின்னால் நடந்துகொண்டே கண்ணில் பட்டதையெல்லாம் கேலி பேசும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான், அதில் அவனுக்குப் போட்டி இல்லை.

அந்த வருஷம் பெருவழிக்கு ஒரு திட்டம் வந்தது. வெளிநாட்டு நிதி, உள்நாட்டுக் குழு, நடுவில் எட்வின் தயாளன் என்ற திட்ட அலுவலர். பழைய வணிக வழியையும் அதன் இரு பக்கத்து வறண்ட நிலத்தையும் மீட்டு, மேய்ச்சலை நம்பிப் பிழைக்கிறவர்களை வாழ வைப்பது திட்டத்தின் நோக்கம். எட்வின் தயாளன் நல்ல மனிதர். வெயிலில் நின்று சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வைத்தார், வரப்புப் போட்டார், குழி வெட்டினார், கொழுக்கட்டைப் புல் விதையைத் தன் கையாலேயே தூவினார், விதை தலை தூக்கும்வரை ஆடு வாய் வைக்காமல் இருக்கச் சுற்றிலும் கம்பி வேலி போட்டார், மேய்ச்சல்காரர்களின் நலன் கருதி மேய்ச்சல்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்று பலகையும் நட்டார். மழை வரவில்லை. விதையில் பாதியை எறும்பு கொண்டுபோனது. மீதிப் பாதி எங்கே போனதென்று, வேலியின் ஓரமாக ஒருநாள் உரசிக்கொண்டு போன சேதுராக்குவின் மந்தைக்குத் தெரிந்திருக்கலாம்.

முதலில் பார்த்தவன் வழிவிட்டான். கொம்புக்கிடாவின் முதுகில் ஒட்டியிருந்த பச்சையைத் தட்டிவிடப் போனான், போகவில்லை. பிடித்து இழுத்தான், கிடா கத்தியது.

“ஏத்தா, இங்க வந்து பாரு. ஒன் கிடா வெவசாயத்துல எறங்கிருச்சு.”

“கேலி பேசாம முள்ளு கிள்ளு குத்திருக்கான்னு பாருய்யா.”

“முள்ளு இல்ல, வேரு.”

சேதுராக்கு வந்து பார்த்தாள். தோல் வியாதி என்று முடிவு செய்து, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து மந்தை முழுக்கப் பூசினாள். எண்ணெய் பட்ட இடத்தில் புல் இன்னும் செழிப்பாக வந்தது. கார்த்திகை முடிவதற்குள் ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டு ஆடியது. பின்னால் போகும் ஆடு முன்னால் போகும் ஆட்டின் முதுகை மேய்ந்தது, அதனால் மந்தை கலையாமல் கயிறு பிடித்ததுபோல் நேராக நடந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் போகும் கொம்புக்கிடாவுக்கு மேய ஒன்றும் இல்லை. தலைமை என்றால் பட்டினிதான் என்றான் வழிவிட்டான். எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும் மொட்டைச்செவி என்ற கிழட்டு ஆட்டை மேய யாரும் இல்லாததால், அதன் முதுகில் புல் இடுப்பளவு வளர்ந்து, ஒரு வைக்கோல்போர் தானாக நடந்து வருவதுபோல் இருந்தது. மார்கழியில் அந்தப் புல்லுக்குள் ஒரு கௌதாரி முட்டையிட்டது. அன்றிலிருந்து மொட்டைச்செவி வேலியோ பள்ளமோ தாண்டாமல், கல்யாணப் பெண்போல் மெள்ள நடக்கத் தொடங்கியது.

ஊர் இந்த விஷயத்தைத் தன் வசதிக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது. டீக்கடை செய்யது, மந்தை கடையைக் கடக்கும் நேரம் பார்த்து வடை போட்டார். அதுவரை தன் கொல்லைப் பக்கம் ஆட்டின் நிழல் விழுந்தாலே மண்ணை வாரித் தூற்றிய சின்னப்பேச்சி, அரிவாளும் சாக்குமாக வந்து நின்றாள்.

“ராக்கு, எங்க பசு நெறமாசமா இருக்கு. ரெண்டு ஆடு அறுத்துக்கிறேன்.”

“ஆட்டையா?”

“அட, புல்லத்தான்டி.”

“போன வருசம் ஒன் பசுவோட வைக்கலைத் தின்னுச்சுன்னு எம் மறியாட்டக் கல்லால அடிச்சு காலை ஒடிச்சியே, அந்தப் பசுவுக்கா?”

“அந்தப் பசுவ வித்தாச்சு. இது வேற பசு. இதுக்கு ஒன் மேல ஒரு கோபமும் இல்ல.”

சேதுராக்கு சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மறுக்க முடியாமல் இரண்டு ஆட்டை அறுக்கக் கொடுத்தாள். மறுநாள் தெருவே அரிவாளோடு வந்தது. பிறகு சண்டை வந்தது. மேற்குத் தெருவில் ஒருவர், ஒரு செவலை ஆட்டின் மேல் இருக்கும் புல் தன் காட்டு விதையில் முளைத்தது, ஆகவே பங்கு வேண்டும் என்றார். கிராம நிர்வாக அலுவலர், ஆட்டின் முதுகு பட்டாவா புறம்போக்கா என்று தன் மேலதிகாரியைக் கேட்டார். மேலதிகாரி தன் மேலதிகாரியைக் கேட்டார். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போனார்கள், ஒரு வாரம் கழித்து வேறோர் ஊரில் பிள்ளையார் சிலை பால் குடித்ததால் அங்கே போய்விட்டார்கள்.

எட்வின் தயாளன் எல்லோருக்கும் பிறகுதான் வந்தார். அவருடைய வேலிக்குள் ஒரு பச்சை இல்லை. நிதி கொடுத்தவர்களின் குழு தை மாதம் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தது. அவர் மந்தையைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்தார், கண் கலங்கியது.

“இது என் விதைம்மா.”

“இருக்கலாம் சார். ஆடு என்னுது.”

“ரெண்டையும் பிரிக்க முடியாது இல்ல?”

“பிரிச்சா ஆட்டுக்கு வலிக்கும் சார்” என்றான் வழிவிட்டான்.

எட்வின் தயாளன் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. ஆடுகளின் முதுகை அளக்க வைத்தார். கிடைத்த மொத்தப் பரப்பைத் திட்டத்தின் மீட்கப்பட்ட புல்நிலம் என்று அறிவிக்க வைத்தார். மேலிடத்தில் அனுமதி கிடைத்ததும், புல்நிலத்துக்கு உரிய விதிகள் தாமாகவே ஆடுகளின் முதுகுக்கும் வந்து சேர்ந்தன. மீட்கப்பட்ட நிலத்தில் மேய்ச்சல் கூடாது என்பது முதல் விதி. ஆகவே ஆடுகள் ஒன்றையொன்று மேயாமல் இருக்க, கன்றுக்குட்டி மண் தின்னாமல் இருக்கக் கட்டுகிற வாய்க்கூடு ஒவ்வொன்றுக்கும் கட்டப்பட்டது. மீட்கப்பட்ட நிலம் வேலிக்குள் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. இதற்குத்தான் சேதுராக்குவின் சம்மதம் தேவைப்பட்டது.

“குழு வந்து பார்த்துட்டுப் போறவரைக்கும்தான்மா. வேலிக்குள்ள கொட்டகை போட்டுத் தர்றேன், தண்ணித் தொட்டி வைக்கிறேன், தீவனம் என் பொறுப்பு. உங்களுக்கும் நிழல், ஃபேன் எல்லாம் இருக்கும். பசுமைக் காவலர்னு ஒரு பொறுப்பு, பச்சைச் சேலை.”

“தை கடைசிக்குள்ள நான் மழவராயர் வயல்ல நிக்கணும் சார். நிக்காட்டி முறை போயிரும்.”

“அதுக்குள்ள அனுப்பிடறேன். என் வார்த்தை.”

“வேணாம்த்தா” என்றான் வழிவிட்டான். “மூணு ராத்திரிக்கு மேல நாம எங்கயும் நின்னதில்ல. நின்னா சொந்தக்காரங்க ஆயிருவோம்.”

கேலியாகத்தான் சொன்னான், அவள் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டாள். அந்த வருஷம் அவளுடைய பாதம் வெடித்துச் சீழ் வைத்திருந்தது. வழியில் லாரி அடித்துச் செத்த குட்டிகளை அவள் மறந்திருக்கவில்லை. பிறந்ததிலிருந்து வானத்துக்குக் கீழேதான் படுத்திருக்கிறாள், கூரைக்குக் கீழே ஒரு மாதம் படுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தாள். பச்சைச் சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டாள். மந்தை வேலிக்குள் போனது, கதவு பூட்டப்பட்டது, ஃபேன் சுற்றியது.

முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. இரண்டாவது வாரம் கொட்டகைத் தரை மூத்திரத்தில் வெந்து வெளுத்து, நெடி டீக்கடை வரைக்கும் வந்தது. மூன்றாவது வாரம் புல் பழுத்தது. எட்வின் தயாளன் பதறிப்போய்த் தெளிப்பான் வைத்து ஆடுகளுக்கு நீர் பாய்ச்சினார். ஆடுகளுக்குச் சளி பிடித்து, ராவும் பகலும் தும்மிய தும்மலில் மிச்சமிருந்த கதிரும் உதிர்ந்தது. யூரியா கரைத்துத் தெளிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், ஆடு நக்கினால் சாகும் என்று சேதுராக்கு குறுக்கே விழுந்து தடுத்தாள். பார்வையிட வரும் குழு ஒருமுறை தேதியைத் தள்ளிப் போட்டது, பிறகு இன்னொரு முறை. ஆடுகள் கொட்டகைக்குள் காய்ந்த பாய்களை முதுகில் போட்டுக்கொண்டதுபோல் படுத்துக் கிடந்தன.

தை பாதி தாண்டியதும் மழவராயரிடமிருந்து போன் வந்தது.

“ஏ ராக்கு, எங்க இருக்க நீ? மெஷின் வந்து அறுத்துட்டுப் போயாச்சு. வயலு வெறும் கட்டாந்தரையா கெடக்கு.”

“வந்துர்றேங்கய்யா. ஒரு சின்ன சோலி…”

“என்னா சோலி? இங்க அழகர் கீதாரி வெத்திலைத் தட்டோட வந்து ஒக்காந்திருக்கான். அவன் ஆடு எலும்பும் தோலுமா இருக்கு, எனக்குப் பிடிக்கலதான். ஆனா வயலு காத்திருக்குமா? மாசிப் பொறப்பு அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வா. வரலைன்னா அவன்கிட்ட வெத்திலையை வாங்கிருவேன், அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது.”

சேதுராக்கு பச்சைச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எட்வின் தயாளனிடம் போனாள்.

“சார், கதவைத் திறங்க.”

“குழு புதன்கிழமை வர்றாங்கம்மா. இந்தத் தடவை உறுதி.”

“புதன்கெழமைக்கு மேல கெளம்புனா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது சார். எனக்கு முறை போயிரும். முறை போனா இந்த மந்தையை வச்சு நான் என்ன செய்ய? கறிக்கடைக்கு ஓட்டவா?”

எட்வின் தயாளன் தலை குனிந்துகொண்டார். “ஆட்டை அனுப்ப எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. ஆனா அது இப்ப ஆடு இல்ல. மீட்கப்பட்ட நிலம். நிலத்தைத் திட்ட எல்லையைத் தாண்டி அனுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது.”

“அப்ப நிலத்தை வச்சுக்கிட்டு ஆட்டக் குடுங்க.”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேலிக்கு உள்ளே ஓரமாகப் போய், வடக்கே பார்த்து உட்கார்ந்தாள். அவளை மூக்கால் உரசியபடி மொட்டைச்செவி தாண்டிப் போனது. மந்தை நடந்தால் கடைசியாகப் பின்தொடர்ந்தே பழகிய அந்தக் கிழட்டு ஆடு, மந்தை படுத்துக் கிடப்பதை நம்பாமல், எல்லோரும் முன்னால் எங்கோ போய்விட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு, வந்த நாளிலிருந்து வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வேலி ஓரத்தில் ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது. சேதுராக்கு அதைப் பார்க்கவில்லை, அவள் கண்ணில் வடக்கு மட்டும்தான் இருந்தது.

பார்த்தவர் எட்வின் தயாளன். மந்தை முழுக்கக் காய்ந்து சருகாகியிருக்க, மொட்டைச்செவியின் முதுகு மட்டும் பச்சைப் பசேலென்று, கௌதாரி உட்பட, குறையாமல் இருந்தது. அவர் ஓடி வந்தார்.

“அம்மா, இதுங்க நடக்கணும்! நடந்தாத்தான் புல் வளரும்!”

சேதுராக்கு திரும்பிப் பார்த்தாள். மாமனார் காலத்திலிருந்து மண்ணுக்காகச் சொல்லி வந்த சட்டத்தை, ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு தான் மறந்துவிட்டதும், அதை வேலி போட்ட மனிதர் வந்து தனக்கு எடுத்துச் சொல்வதும் அவளுக்கு உறைத்தது. “ஆமா சார்” என்றாள். “நடக்கணும்.”

எட்வின் தயாளன் முதலில் வேலிக்குள்ளேயே வட்டமாக நடக்க வைத்துப் பார்த்தார். புல் தழைத்தது, ஆனால் ஒரே பக்கம் சுற்றியதால் எல்லாம் இடது பக்கம் சாய்ந்து வளர்ந்து, ஆடுகள் தலை சுற்றி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இப்படியே காட்டினால் நில மீட்பு என்று யாரும் நம்ப மாட்டார்கள். நேராக நடக்க, ஓய்வில்லாமல் நடக்க, அந்தச் சுற்று வட்டாரத்தில் இருந்த ஒரே இடம் பெருவழி. ஆகவே புதன்கிழமை காலையில், திட்ட அலுவலரின் உத்தரவுப்படி, வடக்கு வேலி அறுக்கப்பட்டது. ஆடு மேய்க்கக் கூடாது என்ற பலகை பிடுங்கப்பட்டு, வந்தவர்கள் செருப்பு கழற்ற வசதியாகப் பந்தலுக்கு முன்னால் போடப்பட்டது. வாய்க்கூடுகள் அவிழ்க்கப்பட்டன. மந்தை தெற்கு முனையிலிருந்து புறப்பட்டு வடக்கு முனையில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் குழுவிடம் வந்து நிற்க வேண்டும் என்று ஏற்பாடு.

சேதுராக்கு கொம்புக்கிடாவின் காதைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் பிடியை விட்டாள். ஆடுகள் தும்மின, உதறின, நடந்தன. முதல் பர்லாங்கில் சருகு உதிர்ந்தது. இரண்டாவது பர்லாங்கில் அடியில் பச்சை கண் விழித்தது. பந்தலை நெருங்கும்போது புல் அலையடித்து, கதிர் முற்றி, ஆடு ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் விதை சிந்த, சிந்திய விதையைப் பின்னால் வந்த குளம்புகள் மண்ணுக்குள் மிதித்து அழுத்த, பல வருஷமாகக் கீதாரிகளைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லாத அந்த உப்பு வழியில் ஒரு புல்வெளி தன் நூற்றுக்கணக்கான கால்களால் நடந்து வந்தது. குழு எழுந்து நின்று கை தட்டியது. மாலைகள் தயாராக இருந்தன.

மந்தை பந்தலைத் தாண்டிப் போனது.

“அம்மா, போதும்! நிறுத்துங்க!” என்று கத்தினார் எட்வின் தயாளன்.

“நான் எங்க சார் போறேன்?” என்றாள் சேதுராக்கு, நடையை நிறுத்தாமல். “நிலம் போகுது, நான் பின்னாடி போறேன்.”

எட்வின் தயாளன் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தார். அவருக்கு ஆட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்கச் சட்டம் தெரியும், ஆக்கிரமித்த நிலத்தை மீட்கவும் சட்டம் தெரியும், தானாக நடந்து போகும் நிலத்தைத் தடுக்க ஒரு சட்டமும் தெரியாது. அவர் பந்தல் கம்பைப் பார்த்தார். குழுவின் தலைவி தொப்பியைச் சரி செய்துகொண்டு, நிலம் எங்கே போகிறது என்று கேட்டார். எட்வின் தயாளன் வடக்கே பார்த்தார். மொட்டைச்செவி கடைசியாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, அதன் முதுகில் கௌதாரிக் குஞ்சுகள் தலை நீட்டிக் குழுவைப் பார்த்தன. சேதுராக்குவுக்கு வாக்குக் கொடுத்திருந்தது அவருக்கு நினைவு வந்திருக்கலாம்.

“திட்டம் விரிவடைகிறது” என்றார்.

குழு இன்னொரு முறை கை தட்டியது.

போகிற வழியெல்லாம் ஊர்கள் விலகி வழிவிட்டன. முன்பெல்லாம் கீதாரி வந்தால் நாயை அவிழ்த்து விட்டவர்கள், திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டுத் தோரணம் கட்டினார்கள். சேதுராக்கு எங்கும் ஒரு ராத்திரிக்கு மேல் நிற்கவில்லை. மாசி பிறந்த அன்று மத்தியானம் அவள் மழவராயரின் களத்துமேட்டில் ஏறியபோது பாதத்திலிருந்து ரத்தம் கசிந்தது, பச்சைச் சேலை கிழிந்து தொங்கியது, ஆனால் பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

மழவராயர் மந்தையைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த கயிற்றுக்கட்டிலை விட்டு எழுந்தார். “என்னாடி ராக்கு இது? ஆட்டை ஓட்டிக்கிட்டு வாடின்னா வரப்பை ஓட்டிக்கிட்டு வந்திருக்க?”

“அதிசயங்கய்யா. பேப்பர்லயெல்லாம் வந்துச்சு.”

“பேப்பர்ல வரலாம், என் வயல்ல வரப்படாது. இதுக என் வயல்ல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சா, சம்பாவுக்கு நான் நெல்லா அறுப்பேன்? கொழுக்கட்டைப் புல்லுல்ல அறுப்பேன்? களை எடுக்கவே எனக்கு ஆள் இல்ல.”

வழி நெடுகத் தோரணம் கட்டப்பட்ட புல், நெல் விளையும் சீமைக்கு வந்ததும் களையாகிவிட்டது. மழவராயர் நியாயமானவர். பொழுது சாய்வதற்குள் ஒரு புல் இல்லாமல் வந்து நின்றால் முறை உனக்கு, இல்லையென்றால் அழகருக்கு என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கட்டிலில் சாய்ந்தார்.

சேதுராக்கு அரிவாளை எடுத்தாள். அறுத்தாலும் வேர் இருந்தது, உதறினாலும் விதை இருந்தது. அவளுடைய ஆடுகளை விட்டு ஒன்றையொன்று மேய வைக்கலாம் என்றால், அவை வழியெல்லாம் மேய்ந்து வயிறு புடைத்து, புல்லைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வரப்பில் அழகர் கீதாரி வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். தார்ச்சாலை ஓரமாகவே ஓட்டி வந்த அவருடைய மந்தை, விலா எலும்பை எண்ணலாம்போல் நின்றது.

“மதினி, மனசுல வச்சுக்காதீங்க” என்றார் அழகர். “ஒங்க முறையப் பறிக்கணும்னு நான் வரல. அடுத்த ஊர்ல முதலியார் வயலு அம்புட்டும் கிடை இல்லாம கெடக்கு. அதுவரைக்கும் நடக்க என் ஆட்டுக்குத் தெம்பு இல்ல. விழுந்த எடத்துல ஒட்டிக்கிட்டேன், அவ்வளவுதான்.”

அப்போது வழிவிட்டான், தன் வாழ்நாளில் எடுத்த ஒரே முடிவை எடுத்தான். “ஏய் அழகரு” என்று கத்தினான், “ஒன் ஆட்டை அவுத்து விடுறா!”

சேதுராக்கு தன் மந்தையைக் களத்துமேட்டில் படுக்க வைத்தாள். நடக்காத ஆட்டில் புல் புதிதாக முளைக்காது என்று இப்போது அவளுக்குத் தெரியும். அழகரின் மந்தை பாய்ந்து வந்தது. பட்டினி கிடந்த வாய்கள் கதிரைக் கடித்தன, தாளைக் கடித்தன, வேரைப் பல்லால் பற்றி நறநறவென்று இழுத்தன. கீழே கிடந்த ஆடுகள் யாரோ சொறிந்துவிடுகிறார்கள் என்று நினைத்து, கண்ணை மூடி அசை போட்டன. மொட்டைச்செவியின் முறை வந்தபோது சேதுராக்கு ஒரு நொடி கையைக் குறுக்கே நீட்டினாள். பிறகு எடுத்துக்கொண்டாள். கௌதாரி தன் குஞ்சுகளை இறக்கிக்கொண்டு வரப்போரமாக ஓடியது, கூடு இருந்த இடத்தையும் சேர்த்து ஒரு கிடா தின்றது. பொழுது சாய்ந்தபோது உலகத்தில் ஓர் அதிசயம் குறைந்திருந்தது, அழகரின் மந்தைக்கு அடுத்த ஊர் வரை நடக்கத் தெம்பு வந்திருந்தது. மழவராயர் ஒவ்வோர் ஆட்டின் முதுகையும் தடவிப் பார்த்துவிட்டு வெற்றிலை மாற்றினார்.

அதற்குப் பிறகு அந்த ஆடுகளின் முதுகில் எதுவும் முளைக்கவில்லை.

எருக்கம்வலசையில் திட்டத்தின் கணக்கு முடிக்கப்பட்டது. மீட்கப்பட்ட நிலம் முழுவதும் காணாமல் போய்விட்டதால் திட்டம் தோல்வி என்று மேலிடம் முடிவு செய்து, எட்வின் தயாளனை அலையாத்திக் காடு ஒன்றைப் பார்த்துக்கொள்ள அனுப்பியது. சித்திரையிலும் வைகாசியிலும் கோடை மழை பெய்தது. மந்தை நடந்த வழியில், குளம்பு பட்ட குழிதோறும் கொழுக்கட்டைப் புல் எழுந்தது. உப்பு வழி முழுக்க, வேலி இருந்த இடத்திலிருந்து நெல்லுச் சீமையின் வாசல் வரை, ஒரு மந்தையின் அகலத்துக்குப் பச்சை ஓடியது. அது எந்தத் திட்டத்தின் எல்லைக்குள்ளும் வராததால் யாரும் அதை அளக்கவில்லை. ஆனால் அது நல்ல புல் என்று பார்த்ததும் தெரிந்ததால், புதிதாக வந்த அலுவலர் அதைப் பாதுகாக்க முடிவு செய்தார்.

ஆவணியில் சேதுராக்கு மந்தையோடு தெற்கே திரும்பி வந்தபோது பெருவழிக்குக் குறுக்கே புது வேலி இருந்தது, கதவு இருந்தது, பூட்டு இருந்தது, பலகை இருந்தது. உள்ளே புல் இடுப்பளவு நின்றது. தார்ச்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் லாரிகளுக்கு எத்தனை குட்டி கொடுக்க வேண்டும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, புது அலுவலர் கொட்டகையிலிருந்து வந்தார். அவர் சேதுராக்குவைப் பார்க்கவில்லை. ஆடுகளின் முதுகைப் பார்த்தார். கொம்புக்கிடாவின் வெறும் முதுகிலிருந்து மொட்டைச்செவியின் வெறும் முதுகு வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் பழைய பேப்பரெல்லாம் படித்திருந்தார்.

“அந்த மந்தைதானே இது?”

“அதே மந்தைதான் சார்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மறுபடி எப்ப முளைக்கும்?”

வழிவிட்டான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சேதுராக்கு ஆட்டுக்கம்பால் அவன் காலில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு மொட்டைச்செவியின் முதுகைக் கையால் நீவி, எதையோ கண்டுபிடித்ததுபோல் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“நின்னா தெரியாது சார்” என்றாள். “இந்த வழியா நடந்தாத்தான் தெரியும். கதவைத் திறங்க.”

அவர் சாவியைத் தேட ஓடினார்.